அடுக்கியாச்சு மதினி

செல்லமாகத் திட்டவும், திட்டிய கையோடு சோறு போடவும் எனக்கு வாய்த்த ஒரே நாத்தனார் தேவகிக்கு,

மதினி எழுதுகிறேன். கையால்தான் எழுதுகிறேன். ஊரார் மனுவையெல்லாம் டைப் அடித்துக் கொடுக்கிறவள் உனக்கு மட்டும் பேனாவைப் பிடிப்பானேன் என்று கேட்காதே. டைப் அடித்தால் நீ முதலில் ஓரம் எவ்வளவு விட்டிருக்கிறேன் என்றுதான் பார்ப்பாய். சேதியைப் படிக்க மாட்டாய்.

சேதி நிறைய இருக்கிறது. பெஹாலா ரோட்டை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். உன் அண்ணனுக்குத் துறைமுக ஆபீஸில் இடம் மாற்றி ஜன்னலோரம் கொடுத்துவிட்டார்கள், அதனால் தினமும் வீட்டுக்கு வந்து ஆற்றுக்காற்றைப் பற்றி ஒரு பிரசங்கம் நடக்கிறது. அடுத்த வீட்டு வங்காளி மதினி, மிட்டு பௌதியின் பூனை குட்டி போட்டது. அதில் ஒன்று உன் கட்டிலைப் பிடித்துக்கொண்டுவிட்டது. நான் விரட்டவில்லை, யாராவது படுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் நான் உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. உன் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை விற்கிற அளவுக்குப் போய்விட்டோம். பயப்படாதே, விற்கவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன், வழக்கம்போலக் குறுக்கே பேசாமல் கேள்.

உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும், இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா. அலிப்பூர் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒற்றை அறை. அதில் இரண்டு டைப்ரைட்டர், நீ, நான். வக்கீல்களின் மனுவும் பத்திரமும் நோட்டீஸும் அடித்துக் கொடுத்தோம். நாத்தனாரும் மதினியும் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே அறையில் உட்கார்ந்து, குடுமியைப் பிடித்துக்கொள்ளாமல் ஒரு தொழிலை நடத்தினோம் என்றால் திருநெல்வேலியில் இன்றைக்கும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

போன வருஷம் ஆனியில், மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு வந்தாய். டாக்ஸியில் வரும்போது அதை மடியிலேயே வைத்திருந்தாயாம். டிரைவர் சர்தார்ஜி, மெதுவாகப் போகட்டுமா பேட்டி என்று மகளைக் கேட்கிற மாதிரி கேட்டார் என்று நீதான் சொன்னாய். எனக்கு அது பிடிக்கவில்லை. உனக்கு அது பிடித்ததால் எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. அன்றிலிருந்து என்னோடு பேசுகிற நேரம் குறைந்து, நீ அதோடு முணுமுணுக்கிற நேரம் கூடிவிட்டது.

நான் அதில் வேலை செய்த அழகு உனக்கு மறந்திருக்காது. எதை அடித்தாலும் ஃபைலுக்கு 'புதுசு' என்று பெயர் வைப்பேன். அடுத்தது 'புதுசு ஒன்று', அதற்கடுத்தது 'புதுசு இரண்டு'. எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க அந்தப் பெட்டி விடாது, அதனால் முழுப் பழியும் என் மேல் இல்லை. எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும். பட்டியலைக் கேட்டால் திரையில் மேலே மேலே ஓடி மறைந்துபோகும். வக்கீலின் ஆள் வாசலில் நிற்பான், நான் 'புதுசு'களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன்.

நீ பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாய். ஒரு சனிக்கிழமை மதியம் டிபன் டப்பாவைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்து ஒரு பேட்ச் ஃபைல் எழுதினாய், பெயரை அடித்தால் கட்டளைகளை வரிசையாகச் செய்து முடிக்கிற சீட்டு. நாலைந்து வரிதான். அதற்கு 'அடுக்கு' என்று பெயர் வைத்தாய். இனிமேல் ஃபைல் பெயரில் முதல் இரண்டு எழுத்து வக்கீலுக்கு, மிச்சம் வழக்குக்கு என்று சட்டம் போட்டாய். சனிக்கிழமை கடையைச் சாத்துமுன் 'அடுக்கு' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, மாதத்தின் முதல் மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்தால் போதும். அந்த வாரத்து ஃபைல்கள் எல்லாவற்றுக்கும் பெயரின் வால் அந்த மாதமாக மாறும். பிறகு எல்லாம் அந்த மாதத்துக்கான ஃபோல்டருக்குப் போய்விடும். வேலை செய்கிற இடம், பாத்திரம் கழுவிக் கவிழ்த்த அடுப்படி மாதிரி காலியாகிவிடும்.

எந்த மாதம் என்று கேட்டேன். தமிழ் மாதம் என்றாய். கோர்ட்டு முழுக்க ஜனவரி, பிப்ரவரி என்று ஓடும்போது நமக்கு மட்டும் எதற்கு இந்தக் கூத்து என்று சண்டைக்கு வந்தேன். நீ சுவரில் தொங்கிய சிவகாசி நாள்காட்டியைக் காட்டினாய்.

"மதினி, இங்கிலீஷ் தேதி கேட்டா நீங்க மோட்டுவளையைப் பாப்பீங்க. இன்னைக்கு என்ன கிழமை, என்ன மாசம், என்ன விரதம்னு கேட்டா தூக்கத்துலயும் சொல்லுவீங்க. இது உங்களுக்காக எழுதினது."

ஏ, ஏ, என் என்று ஆனியை அடித்தேன். வேலை முடிந்ததும் திரையில் ஒரு வரி வந்தது. ஆங்கில எழுத்தில் நம் தமிழ்: 'அடுக்கியாச்சு மதினி. டீ போடுங்க.' அதற்குக் கீழே, தயாரானதும் ஏதாவது ஒரு பொத்தானைத் தட்டவும் என்று அந்தப் பெட்டியின் சொந்த இங்கிலீஷ். தட்டுகிறவரை அது அப்படியே நிற்கும். ஏட்டி, மெஷினை விட்டு என்னை வேலை வாங்குதியா என்று உன் முதுகில் ஒன்று வைத்தேன். வைத்துவிட்டு ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன். அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே கதைதான்.

ஒன்று மட்டும் அன்றைக்கே எச்சரித்தாய். ஒரே பெயரில் ஒரே மாதத்துக்குள் இரண்டு ஃபைல் வந்தால் பின்னால் வருவது முன்னால் இருப்பதைத் தின்றுவிடும், பெட்டி நம்மை ஒரு வார்த்தை கேட்காது, ஜாக்கிரதை என்றாய். அது என் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது. அந்த முள்தான் இப்போது என்னைக் குத்தியது.

மாசியில் நீ போய்விட்டாய். மஞ்சள் காமாலை என்றார்கள், சரியாகிவிடும் என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் நீ அடித்த ஃபைல்கள் அடுக்கப்படாமல் அப்படியே வேலை இடத்தில் கிடந்தன. நான் அவற்றைத் தொடவில்லை. உன் புடவைகளை மடித்துக் கொடுத்துவிட்டேன் தேவகி, அதைச் செய்ய முடிந்தது. 'அடுக்கு' என்று அடித்துப் பக்கத்தில் மாசியை அடிக்க மட்டும் விரல் போகவில்லை. என் வேலையையெல்லாம் ஃப்ளாப்பியில் செய்து, ஃப்ளாப்பிகளை பிஸ்கெட் டின்னில் போட்டுவைத்தேன். பெயர்? மறுபடியும் 'புதுசு'தான்.

உன் அண்ணன் இரண்டு மாதம் சும்மா இருந்தார். அப்புறம் மெல்ல ஆரம்பித்தார். அந்தப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம், டைப்ரைட்டர்தான் இருக்கிறதே என்றார். அவர் கடைக்கு வந்தால் அந்த மூலையைப் பார்க்கவே மாட்டார், முகத்தைச் சந்தின் பக்கம் வைத்துக்கொண்டுதான் பேசுவார். அவருக்கு அது பெட்டி இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கோபம் வந்தது. உன் ஃபைல்களைத் தொட மாட்டேன், பெட்டியை விற்கவும் மாட்டேன் என்று நான் பிடித்த பிடிவாதத்துக்கும் ஒரு நியாயம் இல்லைதான்.

இப்படி இருக்கும்போது போன வாரம் நிதாய்தா வந்தார். கோஷ் பாபு வக்கீலின் குமாஸ்தா, பான் போட்டுக்கொண்டு உன்னிடம் தினமும் திட்டு வாங்குவாரே, அவரேதான். பூஜை லீவில் கோர்ட்டே மூடிக் கிடக்கிறது, இவர் வியர்க்க விறுவிறுக்க நிற்கிறார். டாலிகஞ்ச் காலனியில் அண்ணன் தம்பி இரண்டு பேர் குளத்துக்குச் சண்டை போட்ட வழக்கு நினைவிருக்கிறதா? போன வருஷம் ஒருநாள் இருவரும் மனசு மாறி, சமாதானப் பத்திரம் எழுதச் சொன்னார்கள். வாசித்துக் காட்டியபோது அண்ணன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். கையெழுத்துப் போடுவதற்குள், தன் மகள் கல்யாணத்துக்குத் தம்பி, அண்ணனைக் கேட்காமல் வலை வீசி மீன் பிடித்துவிட்டான். உடனே சமாதானம் போச்சு, மறுபடியும் வழக்கு.

இப்போது அண்ணன்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன், வேலூருக்குப் போகிறார். மறுநாள் சாயங்காலம் மதராஸ் ரயில். போகுமுன் அந்தச் சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். மழையில் கோஷ் பாபுவின் அறைக்குள் தண்ணீர் புகுந்து காகிதமெல்லாம் கூழாகிவிட்டது. வேறு நகல் கிடையாது. கோஷ் பாபு புதிதாக எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தாராம்.

"அண்ணன்காரர் சொன்னதை அப்படியே சொல்றேன் பௌதி," என்றார் நிதாய்தா. "அன்னைக்கு வாசிச்ச அதே வார்த்தைன்னா கையெழுத்துப் போடறேன், வக்கீல் புதுசா ஏதாவது நுழைச்சா போட மாட்டேன்னுட்டார். தம்பி அண்ணன் வீட்டு வாசல்லயே உட்கார்ந்திருக்கான். ரெண்டு பேரும் உங்க தேவகி தீதியைத்தான், அந்த அக்காவைத்தான் நம்பியிருக்காங்க. அவங்க எதையும் தொலைச்சிருக்க மாட்டாங்க."

எப்போது அடித்தது என்று கேட்டேன். போன வருஷம் கார்த்திக் மாதத்தில் என்றார். நான் கே, ஏ, ஆர் என்று அடித்து அந்த ஃபோல்டருக்குள் போனேன். கோஷ் பாபுவின் இரண்டெழுத்து, பக்கத்தில் குளத்துக்கு வங்காளிச் சொல்லான 'புகுர்'. பெயர் கண்ணில் பட்டதும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. திறந்து பார்த்தால் சமாதானம் இல்லை, சண்டை. தம்பி மீன் திருடன் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது.

பெயர் அதுவே, மாதம் அதுவே, உள்ளே இருப்பதுதான் வேறு. நீ சொன்ன எச்சரிக்கை காதில் கேட்டது. பின்னால் வந்த சண்டைப் பத்திரம், முன்னால் இருந்த சமாதானத்தைத் தின்றுவிட்டது என்று முடிவுகட்டிவிட்டேன். நிதாய்தாவிடம் நாளைக்குக் காலையில் வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பிக்கையோடு போனார், அதுதான் தாங்கவில்லை. பிஸ்கெட் டின்னைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தேன். உன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்தவள் இதில் ஒரே பெயரை இரண்டு தடவை வைப்பாளா? வைத்துவிட்டு, கேட்க முடியாத இடத்துக்கும் போய்விடுவாளா?

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் சொன்னேன். சரி, அப்படியானால் அதை வைத்திருந்து என்ன பிரயோஜனம், இந்த வாரமே கொடுத்துவிடலாம் என்றார். முதல்தடவையாக நானும் சரி என்றேன்.

மாடியில் துணி எடுக்கப் போனேன். பக்கத்து மாடியில் மிட்டு பௌதி மூங்கில் கம்பு ஒன்றை நட்டு, உச்சியில் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் அவர்கள் கட்டுகிற ஆகாச விளக்குதான். இரண்டு விளக்கு எதற்கு என்று கேட்டேன்.

"கார்த்திக் பிறந்துடுச்சே," என்றார். "போனவங்களுக்கு மேலேயிருந்து வழி தெரியணும். ஒண்ணு எங்க மாமனாருக்கு. இன்னொண்ணு தேவகிக்கு."

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அழுகைதான் முதலில் வந்தது. அதற்கு நடுவில் ஏதோ உறுத்தியது. கார்த்திக் பிறந்துவிட்டதா? காலையில் கடையில் நாள்காட்டித் தாளைக் கிழித்தேனே, அதில் ஐப்பசி என்றல்லவா இருந்தது? போன வருஷம் நீ இதே மாடியில் கார்த்திகை தீபம் ஏற்றியது கண்முன் வந்தது. காளி பூஜை முடிந்து தெருவில் பந்தலெல்லாம் பிரித்தாகிவிட்டது, இப்போது என்ன விளக்கு, கார்த்திக்தான் போய்விட்டதே என்று இதே மிட்டு பௌதி கேட்டார். உங்க கார்த்திக் போயிடுச்சு, எங்க கார்த்திகை இப்பதான் வந்திருக்கு என்று நீ வங்காளியில் கத்திச் சொன்னாய். அவர்கள் கார்த்திக் நமக்கு ஐப்பசி. பேர்தான் ஒன்று, மாதம் ஒன்று தள்ளி.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. தீபாவளி எந்த மாதம், தீபம் எந்த மாதம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து வங்காளிகளோடு அவர்கள் மாதத்தையும் பேசிப் பேசி, நிதாய்தா கார்த்திக் என்றதும் என் மூளையைக் கேட்காமலே விரல் கே, ஏ, ஆருக்குப் போய்விட்டது. அவர் சொன்னதும் சரி, நீ வைத்ததும் சரி. நடுவில் நான் ஒருத்தி.

மறுநாள் காலை உன் அண்ணன் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தார். கடையைத் திறந்ததும் லோட்ஷெடிங். நிதாய்தா வாசலில், நாங்கள் இருட்டில், ஃபேன்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்ததும் ஏ, ஐ, பி என்று ஐப்பசியை அடித்தேன். இருந்தது. கோஷ் பாபு, புகுர், ஐப்பசி. எதுவும் எதையும் தின்னவில்லை.

திறந்து வாசித்தேன். குளம் இரண்டு வீட்டுக்கும் பொது, எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் மற்ற வீட்டைக் கேட்காமல் வலை போடலாம் என்று எழுதியிருந்தது. அந்தப் பாவி மனுஷன் இந்த வரிக்குத்தான் கண்ணைத் துடைத்தாரோ என்னவோ. பிரிண்டர் கிர்ர் கிர்ரென்று இழுத்து முடிக்கிறவரை மூவரும் தாளையே பார்த்துக்கொண்டு நின்றோம். நிதாய்தா தாளை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு ஓடினார். மத்தியானம் டாலிகஞ்சிலிருந்து திரும்பி வந்து, இருவரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, தம்பியும் கூடவே வேலூருக்குக் கிளம்புகிறான் என்றார். போகிறபோது, தண்ணி வேணும் என்பதற்குத் தமிழில் என்ன என்று ஒரு தாளில் வங்காளி எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனார், தம்பிக்காக.

அவர் போனபின் உன் அண்ணன் தானாக அந்த மூலைக்கு வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தார். இதில் அவளோட வேலை இன்னும் கிடக்கா என்று கேட்டார். கடைசி வாரம் கிடக்கிறது என்றேன். அப்ப அடுக்கிரு, எத்தனை நாள்தான் அப்படியே போட்டு வைப்பே என்றார். நான் 'அடுக்கு' என்று அடித்தேன். ஓர் இடம் விட்டேன். எம், ஏ, எஸ் என்று மாசியை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். நீ கடைசியாக அடித்த ஒவ்வொரு ஃபைலும் பெயர் மாறித் தன் இடத்துக்குப் போனது. போவதைத் திரையில் வரிசையாகப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு உன் வரி வந்தது.

அடுக்கியாச்சு மதினி. டீ போடுங்க.

உன் அண்ணன் அதை அதுவரை பார்த்ததே இல்லை. அவருக்கு யார் சொன்னது, நாம் இருவரும் சிரித்துக்கொண்ட சமாசாரம்தானே. எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தார். நான் பழக்கத்தில் பொத்தானைத் தட்டப் போனேன், தட்டினால் அந்த வரி போய்விடும். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருக்கட்டும். அவதான் கேக்கால்லா, முதல்ல டீயப் போடு."

ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன். நமக்கு இரண்டு, அவருக்கு ஒன்று என்று கை மூன்று கிளாஸ் எடுத்துவிட்டது, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். குடித்து முடிக்கிறவரை உன் வரி காத்துக்கொண்டு நின்றது. அப்புறம் அவரே பொத்தானைத் தட்டினார். விற்கிற பேச்சு அதோடு போயிற்று.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் தேவகி. பிஸ்கெட் டின்னில் இருக்கிற 'புதுசு'களுக்கெல்லாம் ஒழுங்காகப் பெயர் வைத்து, பங்குனியிலிருந்து மாதம் மாதமாக அடுக்கிவிடுகிறேன். சனிக்கிழமை தவறாது. வருகிற கார்த்திகைக்கு, தெருவே சிரித்தாலும், மாடியில் நம் தீபம் ஏறும். அவர்கள் கார்த்திக் முழுக்க மிட்டு பௌதியின் விளக்கு, நம் கார்த்திகையில் என் விளக்கு. மற்றவர்களுக்கெல்லாம் ஒரு மாதம்தான் வழி தெரியும், உனக்கு இரண்டு மாதம். எதிலாவது வந்துவிடு.

இன்றைக்கும் சனிக்கிழமைதான், அடுக்கியாச்சு, திரையில் நீ டீ கேட்டாகிவிட்டது,
டீ போட எழுந்து போகிற
உன் மதினி